ஹேவ்லாக்: அவசரமில்லாதவர்களுக்கான பவளத் தீவு

அந்தமான் சுற்றுலாத் திட்டங்களில் ஹேவ்லாக்குக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு இரவு. முதல் நாள் மதியம் படகில் வந்து இறங்கி, ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். மறுநாள் காலை எலிஃபன்ட் பீச்சில் பத்து நிமிட ஸ்நார்கெல், அது முடிந்ததும் அரை மணி நேர ஸ்கூபா. மூன்றாம் நாள் காலைப் படகில் திரும்பி, மாலை விமானத்தில் சென்னை. கையில் ஒரு வீடியோ இருக்கும். பவளப்பாறையைப் பார்த்தார்களா என்றால், அதன் மேலாக இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த அத்தியாயம் அப்படிப் போகாதவர்களுக்கு. தண்ணீருக்குள் இறங்கவேண்டும் என்பதே நோக்கமானால் ஹேவ்லாக்கில் குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். முறையாகக் கற்றுக்கொள்வதாக இருந்தால் ஆறு. அதற்காக ரோஸ் தீவையோ பாராடாங் சுண்ணாம்புக் குகையையோ விடவேண்டி வந்தால் விட்டுவிடலாம். கடலுக்குள் கெட்டுப்போகும் காரியங்களில் பாதி அவசரத்தால் கெடுபவை. காது வலி, மூச்சுத் திணறல், உடைந்த பவளம், விமானத்தில் ஏறிய பிறகு வரும் மூட்டுவலி என்று ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு அவசரம் இருக்கும்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலிலும் போகலாம், ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அது தனி அனுபவம், இங்கே விட்டுவிடுகிறேன். போர்ட் பிளேருக்கு 2024 முதல் அரசு வைத்த பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக்கின் பெயர் 2018 டிசம்பரிலேயே சுவராஜ் த்வீப் என்று மாறிவிட்டது, பக்கத்திலுள்ள நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. பேச்சில் எல்லோரும் பழைய பெயரையே சொல்வார்கள், படகுச் சீட்டில் புதிய பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் துறைமுகத்தில் குழப்பம் வராது.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் வடகிழக்கில் சுமார் 40 கிலோமீட்டர். மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகளில் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். அரசுப் படகு மலிவு, ஆனால் மெதுவாகப் போகும், இடம் கிடைப்பது கடினம். எதில் போனாலும் அசல் அடையாள அட்டை வேண்டும். இந்தியக் குடிமக்கள் இந்தத் தீவுக்குத் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் புறப்படுமுன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் கொந்தளித்தால் படகுகள் நிற்கும். திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் இடையில் போர்ட் பிளேரில் ஓர் இரவு விடச் சொல்வதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எப்போது போவது? அக்டோபர் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை டைவ் பருவம். நவம்பரில் வங்கக் கடல் புயல்கள் குறுக்கிடலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை வரை, குளிரும் என்ற பயம் வேண்டாம். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அறை வாடகை பாதியாகக் குறையும். தண்ணீரின் தெளிவும் அப்படியே குறையும்.

இன்னொரு விஷயம் முதல் நாளே ஆளைத் தடுமாற வைக்கும். அந்தமானின் கடிகாரம் நம் கடிகாரம்தான், ஆனால் தீவு மிகவும் கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். டைவ் படகுகள் விடிந்த கையோடு கிளம்பும். ஏழு மணிக்கு எழுந்து பல் தேய்ப்பவர்களுக்கு இந்தத் தீவில் பாதி நாள் போய்விட்டிருக்கும்.

ஏ.டி.எம். சில உண்டு, எப்போதும் பணம் இருக்கும் என்று நம்பமுடியாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கம்பி வந்து சேர்ந்ததிலிருந்து தொலைபேசித் தொடர்பு முன்பைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் சந்துபொந்துகளில் விட்டுப்போகும்; ரொக்கம் வைத்திருங்கள்.

முதலில் மிதந்து பாருங்கள்

ஸ்கூபாவுக்கு முன் ஸ்நார்கெல் செய்யவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் செய்யுங்கள். முகம் தண்ணீருக்குள் இருக்க, வாயால் மூச்சுவிடுவது உடம்புக்குப் புதிது. அந்தப் பழக்கம் மேற்பரப்பிலேயே வந்துவிட்டால் பத்து மீட்டர் ஆழத்தில் மூளைக்கு ஒரு வேலை குறைவு. அதோடு பவளம் வெயிலில் வாழும் உயிர். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. அதனால்தான் பாறையின் கூட்டம் மிகுந்த பகுதி ஆழமில்லாத இடத்திலேயே இருக்கிறது. இரண்டு மீட்டர் தண்ணீரின் மேல் அசையாமல் மிதப்பவர், பதினைந்து மீட்டரில் அவசரமாக நீந்துபவரைவிட அதிகம் பார்ப்பார்.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் விதம் இதுதான்: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்கள் முகத்துக்கானது. கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் ஒட்டாத மாஸ்க் ஒட்டாததுதான். நம் ஆண்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் மீசை. மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசை மேல் உட்கார்ந்தால் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழிப்பது நல்ல வழி. மனம் வராவிட்டால் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், ஓரளவு தாங்கும். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடவேண்டும். புது மாஸ்க் வாங்கினால் உள்பக்கக் கண்ணாடியைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பனி படிந்துகொண்டே இருக்கும். பழைய மாஸ்க்குக்கு எச்சில் போதும். முகம் முழுவதையும் மூடும் வகை ஒன்று இப்போது பரவலாக விற்கிறது. விட்ட மூச்சே உள்ளே தங்கக்கூடும், பதற்றத்தில் சட்டென்று கழற்றவும் வராது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இடம் என்றால் எல்லோரும் எலிஃபன்ட் பீச் என்பார்கள். ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து இருபது நிமிடத்தில் படகு கொண்டுவிடும். ராதாநகர் சாலையிலிருந்து காட்டு வழியாக நடந்தும் வரலாம். மழைக்குப் பிறகு சேறு. மரம் வெட்டும் வேலைக்கு யானைகள் கொண்டுவரப்பட்ட தீவு இது. கடலில் நீந்தும் யானை என்று உலகப் புகழ் பெற்ற ராஜன் இங்கேதான் இருந்தது, 2016-ல் இறந்தது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு யானையைத் தேடி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படகுக் கட்டணத்தோடு தரப்படும் ஸ்நார்கெலில் ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். நீந்தத் தெரியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் பத்து நிமிடத்தில் கரைக்குத் திருப்பிவிடுவார், அடுத்த ஆள் காத்திருக்கிறார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். காலை முதல் படகில் போனால் கூட்டமும் குறைவு, தண்ணீரும் கலங்கியிருக்காது. இதைவிட நல்லது, டைவ் சென்டர்களின் படகில் ஸ்நார்கெல் செய்பவராக ஏறிக்கொள்வது. ஆழமில்லாத இடத்துக்குப் போகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதிகள் இருக்கும் கிழக்குக் கரையில் வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் சேறுமாகக் கிடக்கும். ஏற்றம் எப்போது என்று விடுதியில் கேட்டுத்தான் இறங்கவேண்டும். மேற்கே ராதாநகர் குளிக்க அருமையான இடம். 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து அதன் புகழ் ஓயவில்லை. ஆனால் அங்கே மணல்தான், பவளம் தேடிப் போகவேண்டாம். 2010-ல் அந்தப் பக்கத்தில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த ஒரு பயணியை உப்புநீர் முதலை கொன்றது. அது அரிதினும் அரிது. என்றாலும் எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்திலும், சதுப்புநிலக் காட்டு ஓடைகள் கடலில் சேரும் இடத்திலும், இருட்டும் நேரத்திலும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

முதுகு வெந்துபோகும் என்பதையும் சொல்லவேண்டும். மிதப்பவருக்கு வெயில் தெரியாது, மாலையில்தான் தெரியும். சன்ஸ்கிரீனைவிட உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை மேல். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் போன்றவை பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயும் பலாவும் அவற்றை விற்கவே தடை போட்டுவிட்டன. பெண்களுக்கு முழுக்கைச் சட்டையும் லெக்கின்ஸும் போதும்; துப்பட்டா, தளர்ந்த சுடிதார் இரண்டும் தண்ணீரில் காலைச் சுற்றும்.

ஸ்கூபா: எதை வாங்குகிறீர்கள்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, பயிற்சி இல்லாதவரை இன்ஸ்ட்ரக்டர் கையோடு அழைத்துப்போகும் முதல் டைவ். நீந்தத் தெரியவேண்டியதில்லை, வயது பத்து நிரம்பியிருக்கவேண்டும், 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகக்கூடாது. ஹேவ்லாக்கில் இதை நடந்தே கடலுக்குள் இறங்கும் கரையோர இடங்களில் நடத்துவது வழக்கம். நீமோ ரீஃப் அப்படிப்பட்டது. இன்ஸ்ட்ரக்டர் உங்கள் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓட்டிச் செல்வார், நீங்கள் மூச்சுவிட்டால் போதும். செலவு சில ஆயிரம் ரூபாய்.

மற்றொன்று ஓபன் வாட்டர் என்ற முழுப் பயிற்சி. பேடி, எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்கள் இங்கே பரவலாகக் கிடைக்கின்றன, எதை வாங்கினாலும் உலகெங்கும் செல்லும். மூன்று முதல் நான்கு நாள். பாடம், ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். 200 மீட்டர் நீந்தவேண்டும், நேரக் கணக்கு இல்லை. பத்து நிமிடம் மிதக்கவேண்டும். முடித்தவர் துணையோடு 18 மீட்டர் வரை போகலாம். செலவு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: நீந்தத் தெரிந்து, உடல்நலமும் சரியாக இருந்து, நாலு நாள் கையில் இருந்தால் யோசிக்காமல் பயிற்சியை எடுங்கள். முதல் டைவில் மூன்று பங்கு நேரம் பயத்திலும் காதிலும் போய்விடும், மீதி வீடியோவுக்குக் கையசைப்பதில். நான்காவது டைவில்தான் கண் மீனைப் பார்க்கத் தொடங்கும். நீந்தத் தெரியாதவர்கள் கோடை விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே ஊரில் ஏதாவது நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடுங்கள். பாடப் பகுதியை வீட்டிலேயே இணையத்தில் படித்து முடித்துவிட்டுப் போனால், தீவில் ஒரு நாள் மிச்சம்.

நல்ல டைவ் சென்டரைக் கண்டுபிடிக்க விளம்பரப் பலகை உதவாது, அவர்கள் கேட்கும் கேள்விகள் உதவும். பணத்துக்கு முன் மருத்துவப் படிவத்தை நீட்டுகிறார்களா? ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அல்லது நுரையீரல் அறுவை, கர்ப்பம் ஆகியவற்றைப் பற்றி அதில் கேட்பார்கள். பொய் எழுதாதீர்கள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், ஆகவே ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. கர்ப்பிணிகள் ஸ்கூபாவுக்குப் போகவே கூடாது, ஸ்நார்கெலோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் டைவில் ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்குக்கு மேல் விதியே அனுமதிக்காது, ஒருவருக்கு ஒருவர் என்றால் நிம்மதி. படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடங்கள். கடல் சரியில்லை, இன்று வேண்டாம் என்று தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிற கடை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் அடங்காது. அந்தச் சின்ன எழுத்துப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

காதும் மூச்சும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தண்ணீரின் மேற்பரப்பில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. கவனியுங்கள்: முதல் பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அதற்குப் பிறகு எந்தப் பத்து மீட்டரிலும் அப்படி இல்லை. அதனால் ஆழம் என்றால் பயப்படுபவர்களுக்கு எதிர்பாராத செய்தி, காதுக்கு மிகக் கடினமான இடம் முதல் சில மீட்டர்தான். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்க, வெளித் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்குக்குள் காற்றை ஊதினால் உள்ளே புது காற்று போய் அழுத்தம் சமமாகும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். விமானம் இறங்கும்போது செய்வதுதான் இது.

வலி வந்த பிறகு செய்வது தவறு. தலை தண்ணீருக்குள் போனவுடன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வரும் முன்பே. வலி வந்துவிட்டால் நிறுத்துங்கள், காதைச் சுட்டிக்காட்டுங்கள், ஒரு மீட்டர் மேலே ஏறுங்கள், மறுபடி மெதுவாக முயலுங்கள். பலம் கொண்டு ஊதாதீர்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் ஆகாவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது. காசு போனால் போகட்டும், செவிப்பறை கிழிந்தால் விடுமுறையே போய்விடும். சளி பிடித்திருக்கும் நாளில் இறங்காதீர்கள். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மருந்தின் வேகம் கடலுக்கடியில் தீர்ந்துபோனால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது வலிக்கும்.

அடுத்தது மூச்சு. சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. ரெகுலேட்டர் வழியாக அதை வாயால் மட்டும் இழுத்து வாயால் விடவேண்டும். ஒரே ஒரு விதியை உடம்பில் எழுதிக்கொள்ளுங்கள்: மூச்சைப் பிடித்து வைக்கக்கூடாது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியக்கூடும். இந்த விளையாட்டில் உயிருக்கு ஆபத்தான தவறு இது. அதனால்தான் மேலே வருவது எப்போதும் மெதுவாக, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம்.

இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். நீளமாக வெளியே விட்டால் அடுத்த மூச்சு தானாக ஆழமாக வரும், பதற்றமும் அடங்கும், காற்றும் சீக்கிரம் தீராது. வீணை வாசிக்கத் தொடங்குபவர் விரல்களைக் கல்லாக இறுக்கிக்கொள்வதுபோல, புதியவர் உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு கைகளால் தண்ணீரைத் துழாவுவார். கையை மடக்கிக்கொண்டு, ஃபின் போட்ட காலை மட்டும் இடுப்பிலிருந்து அசையுங்கள்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் எப்படி வெளியேற்றுவது என்பதை நிற்கும் ஆழத்திலேயே பலமுறை பழகுங்கள்: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்று மேலே பார்த்து, மூக்கால் ஊதவேண்டும். இது கைவந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சைகைகளில் ஒன்று நம்மை ஏமாற்றும். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருளில்லை, 'மேலே போகலாம்' என்று பொருள். மகிழ்ச்சியில் கட்டைவிரல் காட்டிவிட்டு, ஏன் கரைக்குக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்பவர்கள் தினமும் உண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையம்தான் 'சரி'. உள்ளங்கையைத் தட்டையாக இருபுறமும் ஆட்டினால் ஏதோ சரியில்லை.

படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முந்தின இரவு மது தொடாமல், காலையில் இரண்டு இட்லியோ டோஸ்ட்டோ சாப்பிட்டு, மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அவோமின் போன்றவை தூக்கம் தரும். உங்களுக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்பதை டைவ் இல்லாத நாளிலேயே பார்த்துக்கொண்டு, இன்ஸ்ட்ரக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கீழே என்ன இருக்கிறது

ஐந்து மீட்டரைத் தாண்டியதும் சிவப்பு மங்கிவிடும், எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரியும். டார்ச் அடித்தால் சாம்பல் பாறை என்று நினைத்தது செக்கச்செவேல் என்று எழும்பும். தண்ணீருக்குள் எதுவும் இருப்பதைவிட அருகிலும் பெரிதாகவும் தெரியும், ஆகவே நண்பர்கள் சொல்லும் சுறாவின் நீளத்தில் கால்பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வாய்ப்புள்ள சுறா பாறையடியில் படுத்திருக்கும் சாதுவான வகைதான்.

மீன் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் மகிழ்ச்சி. பனிக்கட்டி மேல் கண் வெளுத்துப் பார்த்த சீலா, பாரை, களவா, சங்கரா எல்லாம் இங்கே கூட்டமாகவும் தனியாகவும் திரியும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். அது பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியே தள்ளுகிறது. நீங்கள் மாலையில் படுத்துக் கிடக்கும் வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு. நீமோ என்று குழந்தைகள் கூவும் மீன் கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்குள் குடியிருக்கும். ஒரு குடும்பத்தில் பெரியது பெண்; அது இறந்துபோனால் அடுத்திருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். இதைப் படத்தில் சொல்லவில்லை.

புதியவர்களுக்கு லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற இடங்கள் போதும், ஆழம் குறைவு, உயிர்கள் அதிகம். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் வால் என்ற செங்குத்துச் சரிவு அடுத்த கட்டம். ஜானிஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினாக்கிள் இரண்டும் வெளிக்கடலில் ஆழத்தில் இருக்கின்றன, நீரோட்டமும் உண்டு. 30 மீட்டர் வரை செல்லும் அடுத்த நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் அங்கே போவதில் பொருள். மீன் கூட்டம் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் இல்லை என்பதும் உண்மை.

எல்லாப் பாறையும் வண்ணமயமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2010 கோடையில் கடல் சூடாகி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசியை வெளியேற்றி வெள்ளையாகிவிடும். விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். ஆழமில்லாத இடங்களில் உடைந்த விரல்களாகக் கிடக்கும் சாம்பல் குவியல்கள் பல அப்படிச் செத்தவை. ஆழத்தில் தப்பியவை அதிகம். சில இடங்களில் இளம் பவளங்கள் மறுபடி பிடித்திருக்கின்றன. இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள், காட்டுவார்.

உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒருமுறை நின்று ஓய்வெடுத்தால் உங்கள் வயதைவிட மூத்த ஒன்றை உடைத்துவிடலாம். எதையும் தொடவேண்டாம் என்பதில் உங்கள் நலமும் இருக்கிறது. நெருப்புப் பவளம் எரிக்கும். கல்மீன் கல்லோடு கல்லாக இருக்கும், அதன் முள் குத்தினால் தாங்கமுடியாத வலி. குத்திவிட்டால் தோல் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை ஊறவைத்து, உடனே மருத்துவரிடம் போகவேண்டும். டைட்டன் டிரிகர் என்ற பெரிய பல்லன் முட்டை காக்கும் காலத்தில் துரத்தி வந்து கடிக்கும். அதன் எல்லை தரையிலிருந்து மேலே மேலே விரியும் கூம்பு வடிவம். மேலே போய்த் தப்பப் பார்க்காமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

மீனுக்கு ரொட்டி போடச் சொல்லும் படகுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரும்பும்போது

கரையில் பொறுக்கிய பவளத் துண்டோ சிப்பியோ பெட்டியில் இருந்தால் எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில் இருக்கின்றன. செத்த துண்டும் அதில் அடக்கம். விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும்போது பிடிபடும், குழந்தை பொறுக்கியது என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

இப்போது ரத்தத்தின் கணக்கு. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்குகிறது. மெதுவாகத்தான் வெளியேறும். அது போகும் முன் விமானம் ஏறினால், உயரத்தில் அழுத்தம் குறைந்து, உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்கவேண்டும். முழு 24 மணி நேரம் வைத்துக்கொண்டால் கணக்கே பார்க்கவேண்டாம். கடைசி நாளை ராதாநகருக்கும், கடைசி இரவைப் போர்ட் பிளேருக்கும் ஒதுக்கச் சொல்வது இதற்குத்தான். படகுப் பயணம் கடல்மட்டத்தில் நடப்பதால் அதில் தொந்தரவில்லை. போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை பார்க்கலாம். தமிழ்க் குரல் கேட்கும் கடைகளும் நிறைய, சாம்பார் தேடி அலையவேண்டாம்.

ஸ்நார்கெல் மட்டும் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை, குளித்துவிட்டு நேராக விமானம் ஏறலாம்.

டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் ஓரிரு நாள் உடம்பைக் கவனியுங்கள். தோள் அல்லது முழங்கால் மூட்டில் காரணமில்லாத வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் அரிப்போடு திட்டுத் திட்டாகச் சிவத்தல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். தீவில் இருந்தால் டைவ் சென்டரைக் கூப்பிடுங்கள், ஆக்ஸிஜன் கொடுத்து மேற்கொண்டு ஏற்பாடு செய்வார்கள். ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்றால் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், 'இன்ன நாளில் இத்தனை மீட்டர் ஆழம் ஸ்கூபா செய்தேன்' என்பதையே முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் முழங்கால் வலி என்று மட்டும் சொன்னால், வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.